கோடு நெளிந்தால் மூடிவிடாதீர்கள்: விநோத பாணி அனிமேயின் முதல் எபிசோடைப் பார்ப்பது எப்படி?

புதிதாக வந்த ஓர் அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் போடுகிறீர்கள். கோடு நெளிகிறது, முகம் கோணுகிறது, பாத்திரம் நடந்தால் விட்டு விட்டு நடக்கிறது. ஐந்து நிமிடத்தில் 'பட்ஜெட் இல்லை போல' என்று மூடிவிட்டு, நண்பர்கள் குழுவில் ஒரு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் கண் ஏன் முரண்டு பிடித்தது என்று தெரிந்துகொள்ளவும், அதை ஒரு முதல் பார்வை விமர்சனமாக எழுதவும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். மாப்பிள்ளை தாலி கட்டும் நொடியில் யார் கண்ணை மூடியிருக்கிறார், எந்த மாமா கேமராவை மறைத்தார் என்று ஃப்ரேம் ஃப்ரேமாக, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமாக, நகர்த்திப் பார்ப்பதுதான் பிழைப்பு. அனிமே பார்க்க உட்கார்ந்தாலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. அதனால் இங்கே சொல்லும் வழிமுறையில் தொழில் வாடை கொஞ்சம் அடிக்கும்.

முதல் வேலை டிவியில்

படத்தைக் குறை சொல்வதற்கு முன் திரையைச் சரிபாருங்கள். இப்போது வரும் டிவிகள் பலவற்றில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி கடையிலிருந்து வரும்போதே ஆன் ஆகியிருக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று இருக்கும். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இல்லாத ஒரு ஃப்ரேமை டிவி தானே உண்டாக்கிச் சொருகும். கிரிக்கெட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அனிமேக்கு ஆகவே ஆகாது.

காரணம் சுலபம். அனிமே நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓடினாலும் 24 ஓவியங்கள் வரைவதில்லை. ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம், மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 8. 1963இல் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' வாரம் ஒரு எபிசோடு கொடுக்க வேண்டிய நெருக்கடியில் இந்தச் சிக்கன முறையைத் தொலைக்காட்சியில் நிலைநிறுத்தியது. அறுபது வருடங்களில் அந்தச் சிக்கனமே ஒரு ருசியாகிவிட்டது. எந்த ஓவியத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் நல்ல அனிமேட்டரின் தாளம் இருக்கிறது. டிவி நடுவில் புகுந்து அந்த நிறுத்தங்களை நிரப்பினால் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி ஆகிவிடும். பிறகு 'அசைவே சரியில்லை' என்று இயக்குநரைத் திட்டுவீர்கள்.

செல்போனில் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டேட்டாவை மிச்சம் பிடிக்க 480இல் வைத்துப் பார்த்தால் சாதாரண அனிமே தப்பித்துவிடும். துணிவேலை, காகித அமைப்பு, பென்சில் கோடு இதையெல்லாம் நம்பி எடுத்தது தப்பிக்காது. முதல் எபிசோடை மட்டுமாவது நல்ல தரத்தில் பாருங்கள்.

அப்புறம் சப்டைட்டில். நம்மில் பலர் ஆங்கில சப்டைட்டிலோடுதான் பார்க்கிறோம். கண் பாதி நேரம் திரையின் அடியிலேயே கிடக்கும். 2010இல் மசாகி யுவாசா இயக்கிய 'தத்தாமி கேலக்ஸி'யின் முதல் எபிசோடைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கதாநாயகன் மூச்சு விடாமல் பேசுவான், எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும், படத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் ஞாபகம் இராது. என் வழி இது: எபிசோடை வழக்கம்போல ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிறகு ஏதாவது ஐந்து நிமிடத்தை எடுத்து, சப்டைட்டிலை அணைத்து, சத்தத்தையும் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கதை ஏற்கெனவே தெரியும், இப்போது கண்ணுக்கு மட்டும்தான் வேலை. முதல் பார்வையில் கிறுக்கல் மாதிரி தெரிந்தது பலவும் இந்த இரண்டாம் பார்வையில் ஒழுங்குக்கு வந்துவிடும்.

எப்படிச் செய்தார்கள் என்று கண்டுபிடியுங்கள்

விநோத பாணி என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் குடும்பங்கள் பல. நடிகர்களைப் படம்பிடித்து அதன் மேல் வரைவது ரோட்டோஸ்கோப். கணினியில் முப்பரிமாணமாகச் செய்வது ஒன்று. பொம்மையைக் கையால் நகர்த்தி நகர்த்திப் படமெடுப்பது ஸ்டாப் மோஷன். அட்டையில் வெட்டிய உருவங்களை அசைப்பது இன்னொன்று. 2013இல் தொடங்கிய 'யாமிஷிபாய்' பேய்க்கதைகள், ஜப்பானியத் தெருக்களில் படங்களைச் செருகிக் கதை சொல்லும் காமிஷிபாய் கலையின் சாயலில் அப்படித்தான் வந்தன. எது எந்தக் குடும்பம் என்று தெரிந்தால்தான் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். அட்டை உருவம் திரும்பிப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டு என்ன பிரயோஜனம்?

இவற்றில் அதிகம் அடி வாங்குவது ரோட்டோஸ்கோப்தான். 2013 ஏப்ரலில் 'அகு நோ ஹானா' வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஷூசோ ஒஷிமியின் மூல மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், பெண்கள் பெரிய கண்ணும் மென்மையான முகமுமாக அழகாக இருப்பார்கள். இயக்குநர் ஹிரோஷி நாகஹாமா அதை ஓரம் வைத்துவிட்டு, நிஜ மனிதர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்து அதன் மேல் வரையவைத்தார். மங்காவைப் படித்துவிட்டுக் காத்திருந்த ரசிகர்கள் முதல் எபிசோடிலேயே கொதித்துப்போனார்கள்.

என் சித்தி மகன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். கல்லூரிப் பையன், சண்டை அனிமே தவிர வேறு தொடமாட்டான்.

"அக்கா, தூரமாப் போனா மூஞ்சியே காணாமப் போயிடுது பாரு! வரைய மறந்துட்டாங்களா?"

நிறுத்திக் காட்டினேன். பள்ளிக்கூட வகுப்பறை, பின்வரிசையில் இருப்பவர்களுக்கு முகம் இருக்கிறது, கண் மூக்கு இல்லை. "மறக்கலடா. நம்ம கேமராவுல மண்டபத்துக் கடைசி வரிசை எப்படித் தெரியும்? முகம்னு ஒண்ணு இருக்கும், யாருன்னு தெரியாது. அதைத்தான் வரைஞ்சிருக்காங்க."

"அதுக்குன்னு இப்படியா?" என்றான். ஆனால் அணைக்கச் சொல்லவில்லை.

அந்தக் கதை எதைப் பற்றியது என்று பாருங்கள். கசுகா என்ற பையன், பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் கவிதைப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறவன். தனக்குப் பிடித்த பெண்ணின் விளையாட்டு உடையை வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அதை நாகமுரா என்ற பெண் பார்த்துவிடுகிறாள். கூச்சம், அருவருப்பு, மாட்டிக்கொள்ளும் பயம், இவ்வளவுதான் கதை. பெரிய கண்ணும் மென்மையான முகமுமாக இதை வரைந்திருந்தால் நாம் பாதுகாப்பாக ரசித்திருப்போம். நிஜ உடம்பின் தள்ளாட்டம் கோட்டுக்குள் இருப்பதால் கூச்சம் நம் மேலும் ஒட்டிக்கொள்கிறது. பிடிக்காமல் போகலாம், ஆனால் பிடிக்காமல் போனது பாணி தோற்றதனால் அல்ல, வேலை செய்ததனால். முதல் பார்வை எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம் என்பது என் கட்சி.

ரோட்டோஸ்கோப் என்றாலே சோம்பேறித்தனம், படத்தை வைத்து நகலெடுப்பது என்று ஒரு பேச்சு உண்டு. கென்ஜி இவைசாவா 2019இல் வெளியிட்ட 'ஒன்-காகு' படத்துக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆனது, 40,000க்கும் அதிகமான ஓவியங்கள். நகலெடுப்பது இவ்வளவு சுலபமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவரே 2025இல் '100 மீட்டர்' எடுத்தார். அதில் மழையில் நடக்கும் ஒரு பந்தயம் வெட்டே இல்லாமல் நீண்டுகொண்டு போகும். வெட்டு போட்டுச் சோறு தின்கிறவளுக்கு அதைப் பார்த்தால் வயிற்றில் என்னவோ செய்யும்.

டிரெய்லரை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள்

கட்டணத் தளங்களில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்த வழி பெரும்பாலும் கிடையாது. யூடியூபில் அதிகாரப்பூர்வ டிரெய்லர் இருக்கும், அது போதும். கணினியில் திறந்து, நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும், காற்புள்ளி விசையைத் தட்டினால் பின்னே வரும். யாராவது நடக்கும் காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓவியம் எத்தனை தட்டலுக்கு ஒரு முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். சில டிரெய்லர்கள் 30 ஃப்ரேமில் ஏற்றப்பட்டிருக்கும், கணக்கு கொஞ்சம் பிசகும், கவலை வேண்டாம். பாத்திரம் ஒரு வேகத்தில் மாற, பின்னணி வேறு வேகத்தில் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். முப்பரிமாண அனிமே பலவற்றில் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் நகரும், ஆள் மட்டும் இரண்டுக்கோ மூன்றுக்கோ ஒரு முறை அசைவார். 'என்னவோ இடிக்கிறது' என்று தோன்றுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். காரணம் தெரிந்தபின் இடிப்பது குறைந்துவிடும், குறையாவிட்டாலும் எதை எழுதுவது என்று தெரிந்துவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒற்றை ஃப்ரேமை நிறுத்திப் படமெடுத்து 'பார், எவ்வளவு கேவலமாக வரைந்திருக்கிறார்கள்' என்று பரப்புவார்கள். வேகமான அசைவுக்கு நடுவில் வரும் ஓவியம் இழுபட்டுத்தான் இருக்கும். கைக்கு ஆறு விரல் மாதிரி, முகம் ரப்பர் மாதிரி. கண்ணாடி மாட்டும் நொடியில் நிறுத்தினால் மணப்பெண்ணும் அப்படித்தான் இருப்பார். நகர்த்திப் பார்ப்பது தாளத்தைப் புரிந்துகொள்ள. தீர்ப்பு சொல்வது ஓடும்போதுதான்.

விதி என்ன என்று கேளுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நல்ல விநோத பாணிக்குள் ஒரு விதி இருக்கும். முதல் எபிசோடில் உங்கள் வேலை அந்த விதியைப் பிடிப்பது.

2004இல் வந்த 'கன்குட்சுவோ'வில் பாத்திரங்கள் நடக்கிறார்கள், அவர்கள் உடையிலுள்ள பூவேலை மட்டும் நகர்வதில்லை. உடையின் வடிவத்தில் ஒரு ஜன்னலை வெட்டி, பின்னால் நிலையான ஒரு துணியை வைத்தது போல. முதல் பத்து நிமிடம் தலை சுற்றும். ஆனால் விதி ஒன்றுதான், அதை அவர்கள் மீறுவதில்லை. அதனால் கண் பழகிக்கொள்கிறது. பழகியபிறகு கதை நடக்கும் பணக்கார உலகத்தின் பகட்டு எல்லாம் தொட முடியாத தட்டையான பளபளப்பு என்று தோன்ற ஆரம்பிக்கும்.

அதைவிட ஆழமாக இறங்க வேண்டுமென்றால் 'மொனோனோகே', 2007, இயக்குநர் கென்ஜி நாகமுரா. பெயரைப் பார்த்துக் காட்டு இளவரசி வரும் ஜிப்லி ஸ்டூடியோவின் 'பிரின்சஸ் மொனோனோகே' படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. திரை முழுக்க ஜப்பானியக் கைக்காகிதமான வாஷியின் நார் தெரியும், எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய காகிதம் ஒட்டியது போல. நிறங்கள் உக்கியோ-ஏ என்ற பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களின் வழியில் வந்தவை. பெயரில்லாத மருந்து வியாபாரி ஒருவன் பேயை அடக்க வருகிறான். பேயின் வடிவம், நடந்த உண்மை, அதற்குப் பின்னுள்ள காரணம், இந்த மூன்றும் தெரிந்தால்தான் அவன் வாள் உறையைவிட்டு வரும்.

முதல் கதையில் ஒரு கர்ப்பிணிப் பெண் இரவில் விடுதி ஒன்றில் அடைக்கலம் கேட்டு வருகிறாள். இடமில்லை என்கிறார்கள், பிறகு மேலே ஓர் அறைக்கு அழைத்துப் போகிறார்கள். நகர்ந்து திறக்கும் கதவுகள், சுவரெங்கும் ஓவியங்கள். ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு. பயமுறுத்தும் கதையில் இருட்டு இருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். இங்கே இருட்டுக்கு இடமே இல்லை, சிவப்பும் மஞ்சளும் நீலமும் மொய்க்கின்றன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் திணறுகிறது. அந்தத் திணறல்தான் விதி. பேய் இருட்டில் ஒளிவதில்லை, அலங்காரத்தில் ஒளிகிறது. அந்த விடுதி முன்பு என்னவாக இருந்தது, அந்த அறையில் என்ன நடந்தது என்பது தெரியவரும்போது, சுவரை எதற்காக இவ்வளவு அழகாக மூடிவைத்தார்கள் என்று உறைக்கும். இந்தத் தொடரைக் குறைந்த தரத்தில் பார்த்தால் காகித நார் எல்லாம் சேறாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விதி கண்ணில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. 2014இல் வந்த மேசைப்பந்துத் தொடரான 'பிங் பாங்'கில், மூல மங்காவை வரைந்த தைய்யோ மத்சுமோட்டோவின் நடுங்கும் கோட்டை இயக்குநர் யுவாசா திருத்தவே இல்லை. மங்கா கட்டங்களைப் போலத் திரையை உடைத்து உடைத்துக் காட்டுவார். முதல் எபிசோடில் சீனாவிலிருந்து வந்த ஆட்டக்காரர் காங், பந்து மேசையில் படும் சத்தத்தை வெளியிலிருந்தே கேட்டு, ஆடுபவர்களில் ஒருவன் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். சத்தத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, இதற்கு மட்டும் நேர்மாறாகச் செய்யுங்கள். கண்ணை மூடிக் கேளுங்கள். கோணல் கோடு அப்புறம் உறுத்தாது.

முப்பரிமாணம் என்றால் மூக்கைச் சுளிப்பவர்களுக்கு 2017இன் 'லேண்ட் ஆஃப் தி லஸ்ட்ரஸ்'. பாத்திரங்கள் எல்லாம் ரத்தினங்கள். கூந்தலுக்குள் ஒளி புகுந்து உடைந்து வெளியே வரவேண்டும். ஒவ்வொரு ஓவியத்திலும் அதைக் கையால் வரைய ஒரு தொலைக்காட்சித் தொடரால் முடியுமா? தொடரைச் செய்த ஆரஞ்ச் ஸ்டூடியோவின் கணினி வேலை இங்கே சிக்கனமாகத் தெரியவில்லை, கல்லால் ஆன பாத்திரத்துக்கான வழியாகத் தெரிகிறது. உடைந்தால் சில்லாகத் தெறிக்கும் உடம்புக்கு அந்தக் கொஞ்சம் விறைத்த அசைவும் பொருந்திப்போகிறது.

விதியே கிடைக்கவில்லை என்றால்? சில தொடர்களில் நிஜமாகவே இருக்காது. ஒரு காட்சியில் நீர்வண்ணம், அடுத்ததில் புகைப்படம், அதற்கடுத்து எதுவுமில்லாத சாதாரண அனிமே. எதற்கு எது என்று கேட்டால் பதில் வராது. அதைத் தயங்காமல் எழுதுங்கள். விநோதமாக இருப்பதாலேயே தலைமேல் தூக்கிவைக்க வேண்டியதில்லை.

முதல் எபிசோடை எவ்வளவு நம்பலாம்

2024 செப்டம்பர் 28 அன்று 'உசுமாகி' ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஜுன்ஜி இட்டோவின் மங்கா, கறுப்பு வெள்ளை, மொத்தம் நான்கே எபிசோடு. 2019இலேயே அறிவித்து வருடக்கணக்கில் காத்திருக்கவைத்தார்கள். இயக்குநர், 'அகு நோ ஹானா' எடுத்த அதே நாகஹாமா. நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து அதன்மேல் எழுப்பிய உருவங்கள், இட்டோவின் மெல்லிய கோட்டு நிழல் அப்படியே திரையில். முதல் எபிசோடு முடிந்ததும் எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டாவது எபிசோடில் அசைவின் தரம் தடாலென்று விழுந்தது. முதலாவதைச் செய்த கைகள் வேறு, இதைச் செய்த கைகள் வேறு. கொண்டாடியவர்களே கேலிப் படங்களைப் பரப்பினார்கள்.

அதனால் முதல் பார்வை எழுதும்போது 'இந்தத் தொடர்' என்று எழுதாமல் 'இந்த எபிசோடு' என்று எழுதுங்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தாண்டிக் குதிக்காதீர்கள். தொடரின் இயக்குநர் வேறு, எபிசோடு இயக்குநர் வேறு, காட்சிப்பலகை (ஸ்டோரிபோர்டு) வரைந்தவர் வேறாக இருக்கலாம். முதல் எபிசோடில் மூன்றும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு, ஏனென்றால் ஆரம்பத்தில்தான் பலத்தைக் கொட்டுவார்கள். இரண்டாவதில் யார் பெயர் வருகிறது என்று பார்த்தால் மீதியை ஓரளவு ஊகிக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். 2025இல் கியோத்தோ அனிமேஷன் செய்த 'சிட்டி' முதல் எபிசோடில் வெறும் தடித்த கோடும் தட்டை நிறமுமான கலகலப்பாகத்தான் தெரியும். ஐந்தாவது எபிசோடில் திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து எல்லோருடைய கதையையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டபோதுதான் அந்தத் தட்டைத்தனம் எதற்கு என்று புரியும்.

எழுதும்போது 'வித்தியாசமான முயற்சி', 'கண்ணுக்கு விருந்து' இரண்டையும் எடுத்துவிடுங்கள், எதற்கும் பொருந்தும் வார்த்தைகள் அவை. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, திரையில் என்ன இருந்தது, அப்போது உங்களுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: இதே கதையை வழக்கமான பாணியில் வரைந்திருந்தால் என்ன காணாமல் போயிருக்கும்? பதில் வந்தால் அதுதான் உங்கள் விமர்சனம். 'ஒன்றும் போயிருக்காது' என்று வந்தாலும் அதுதான். 'பட்ஜெட் இல்லை' என்பதை மட்டும் தொடாதீர்கள். செலவுக் கணக்கை நாம் யாரும் பார்த்ததில்லை.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'புய் புய் மோல்கார்', 2021. கினிப்பன்றிகளே கார்களாக இருக்கும் உலகம், கம்பளி நாரைக் குத்திக் குத்திச் செய்த பொம்மைகள், தொமோகி மிசாதோ இயக்கிய ஸ்டாப் மோஷன். ஒரு எபிசோடு மூன்று நிமிடம்கூடக் கிடையாது, வசனமும் இல்லை, சப்டைட்டில் தொல்லையும் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூட உட்கார்த்திக்கொள்ளலாம். அதன்பின் 'பிங் பாங்', அதன்பின் 'மொனோனோகே'. 'அகு நோ ஹானா'வை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடாதீர்கள், நடக்கிறார்கள் நடக்கிறார்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள், தூக்கம் வந்துவிடும். ராத்திரி எல்லோரும் படுத்தபின், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில்.